அக்காவுக்கு ஒரு தனி நாள்

கேள்வி: நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். போன தை மாதம் அம்மா தவறிவிட்டார். ஆவணியில் அக்காவும் போய்விட்டாள். அம்மா ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை செய்தவர். அப்பா இறந்த பிறகு எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கி வந்தார். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை பார்த்து என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தாள். வேலை முடிந்த கொலுசைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். வரும் தையில் அம்மாவுக்கு வருஷத் திதி. "அன்னைக்கே அக்காவுக்கும் சேர்த்துக் கும்பிட்டுடலாம், பிள்ளைகுட்டி இல்லாதவளுக்குத் தனியா எதுக்கு?" என்கிறார் அண்ணன். ஸ்டுடியோவில் இருவரையும் ஒரே படமாகச் சேர்க்கச் சொல்லிவிட்டார். அக்காவின் கணக்கு நோட்டுகளையும் எடைக்குப் போடச் சொல்கிறார். அவள் போனை அணைத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன், திறக்கத் தைரியம் இல்லை. அம்மாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று ஆரம்பித்த சண்டையில், கடைசி இரண்டு மாதம் நானும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. என் மகளுக்கு ஆறு வயது. இவர்களை அவளுக்கு எப்படி ஞாபகப்படுத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் நாள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குத் தனி நாள் வேண்டும். தையில் அம்மாவுக்கு மட்டும் செய்யுங்கள். அக்கா போய் அதற்குள் ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒருவர் போன மாதமும் பட்சமும் திதியும் பார்த்துத்தானே கும்பிடும் நாள் குறிக்கிறோம்? ஆவணியில் போனவருடைய திதி தையில் வராது. அண்ணன் முறை என்று பேசினால் முறையாகவே இதைச் சொல்லுங்கள்.

பிள்ளை இல்லாதவளுக்கு எதற்கு என்ற பேச்சுக்கும் உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சேலம், தர்மபுரி வட்டாரத்தில் பல குடும்பங்கள் கன்னியாகவோ சுமங்கலியாகவோ போன பெண்ணுக்குப் புதுப்புடவை வைத்து, பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் அவளுக்குப் படைத்துவிட்டுத்தான் மற்ற காரியம். அவளுக்குப் பிள்ளை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் அந்த வழக்கம் உண்டா என்று பெரியவர்களைக் கேளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆவணியில் அந்த நாளில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடுங்கள், போதும்.

ஒரே வருஷத்தில் இரண்டு சாவு விழுந்த வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் அம்மாவைப் பற்றிப் பேசுவார்கள். அம்மாவைப் பற்றிப் பேச எல்லாருக்கும் வார்த்தை இருக்கிறது. கல்யாணமாகாத அக்காவைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "பாவம், அதுவும் போயிடுச்சு" என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். அடுத்த முறை யாராவது வந்தால் நீங்களே அக்கா பேச்சை எடுங்கள். "அக்கா உங்க வீட்டுக்குக் கொலுசு செஞ்சு குடுத்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் அவர்களும் பேசுவார்கள்.

அந்த ஸ்டுடியோ படம் எனக்கு உறுத்துகிறது. பின்னால் மேகம், நடுவில் குத்துவிளக்கு, ஆதார் அட்டையிலிருந்து வெட்டிய முகத்துக்குக் கீழே வாழ்நாளில் உடுத்தாத பட்டுப்புடவை, போடாத நெக்லஸ். அப்படி ஒன்றை மாட்டினால் பத்து வருஷம் கழித்து உங்கள் மகள் அந்த நெக்லஸைத்தான் பெரியம்மா என்று நினைப்பாள். அக்கா எந்தப் புடவையில் இருந்தாரோ அதிலேயே, சுமாரான படமாக இருந்தாலும், தனிச் சட்டத்தில் போடுங்கள். அம்மாவுக்கு இன்னொன்று.

உங்கள் கடிதத்தில் அம்மாவும் அக்காவும் செய்த தியாகத்தைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள். (இடம் கருதிக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம்.) அத்தனையும் உண்மைதான். ஆனால் அக்கா என் கண் முன்னால் வந்து நின்றது ஒரே ஒரு வரியில்தான். கொலுசைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள் என்ற வரி. எதற்காக அப்படிச் செய்தார்? எந்த முத்து சரியாக ஒலிக்கவில்லை என்று பார்க்கவா? அப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வார், பிரித்து மறுபடி கோப்பாரா, திட்டுவாரா? வேலை செய்யும்போது ரேடியோ ஓடுமா? வெள்ளித் தூள் கீழே போகக்கூடாது என்று ஃபேனை நிறுத்தச் சொல்வாரா? உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியவை இவைதான். தியாகம் ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியாது. சத்தம் வராத முத்து நன்றாகவே புரியும்.

அந்தக் கணக்கு நோட்டுகளை எக்காரணம் கொண்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பட்டறைக்காரர் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார். முடிந்த கொலுசை நிறுத்துத்தான் திரும்ப வாங்குவார். வாங்கியது எத்தனை கிராம், கொடுத்தது எத்தனை கிராம், சேதாரம் எவ்வளவு என்று உங்கள் அக்கா தன் கையாலேயே தேதி போட்டு எழுதியிருப்பார். அது அவர் எழுதி வைத்துவிட்டுப் போன வாழ்க்கை. உங்கள் காலேஜ் ஃபீஸ் கட்டிய மாதத்துப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். அந்த மாதம் எத்தனை ஜோடி அதிகம் செய்திருக்கிறார் என்பது அதில் இருக்கும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்த பிறகு, நோட்டுகளைத் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அப்புறம் செவ்வாய்ப்பேட்டையோ சிவதாபுரமோ, அவருக்கு வேலை கொடுத்த பட்டறைக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். நீங்கள் பார்க்காத அக்காவை அவர்கள் பார்த்திருப்பார்கள். கூலி விஷயத்தில் கறாராகப் பேசுவாரா என்று கேளுங்கள்.

அம்மா விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. அவரைப் புகழ்ந்து புகழ்ந்தே ஆளைக் காணாமல் செய்துவிடுவார்கள். அவரைத் தேடி நீங்கள் மலை ஏற வேண்டும். இப்போது கார்த்திகை. ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கிற காலம், தை வரைக்கும் நடக்கும். அம்மாவோடு வேலை செய்தவர்களில் யாராவது இன்னும் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து, "அம்மா எப்படி இருந்தாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள், "தங்கமான மனுஷி" என்ற பதில்தான் வரும். மதியத்துக்கு என்ன கொண்டு வருவார், யாரோடு சேர்ந்து சாப்பிடுவார், யாரோடு ஆகாது, சாயங்காலம் எடை போடும்போது வேலையை மேற்பார்க்கும் கங்காணியோடு வாக்குவாதம் வருமா என்று கேளுங்கள்.

கையோடு பறிக்கிற வேலையையும் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருக்கும். சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கணு முறிந்தால் அடுத்த வருஷம் அந்த இடத்தில் பூ குறையும். அதனால் பிடித்து இழுக்காமல் பழத்தை மட்டும் திருகி எடுப்பார்கள். பழுக்கப் பழுக்க அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். உங்கள் அம்மாவின் விரல்களுக்கு இது அத்தனையும் தெரிந்திருந்தது. உங்கள் மகளும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு பழம் பறிக்கட்டும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் காபி கொண்டு வந்தார் என்பது சுற்றுலாப் புத்தகங்களில் இருக்கிறது. வரிசை வரிசையாகப் பழம் பறித்த பெண்களின் பெயரைத் தேடினால் தோட்டத்தின் பழைய செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில்தான் கிடைக்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். பேசுகிறவர்களின் சம்மதம் வாங்கி, போனில் ரெக்கார்ட் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

இனி அந்தச் சண்டை. அக்கா மன்னித்திருப்பார் என்று எழுதி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அதைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான் இருந்தது. எனக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். அம்மா பிழைக்க வேண்டும் என்றுதான் இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள். வைத்தியத்தில் ஆளுக்கொரு வழி சரி என்று பட்டது. அந்த இரண்டு மாதத்தையும் மறைக்காமல் எழுதி வையுங்கள், நீங்கள் சொன்ன கடுமையான சொல்லையும் சேர்த்து. சண்டையே வராத அக்கா தங்கை கதையைப் பின்னால் உங்கள் மகள் நம்ப மாட்டாள். ராத்திரித் தூக்கம் கெடுகிற அளவுக்கு இது அரித்தால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் போனை எடுக்க வேண்டும். அணைத்து வைத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். 120 நாள் இணைப்பில் வராத வாட்ஸ்அப் கணக்கைப் பொதுவாக நீக்கிவிடுகிறார்கள். ஆவணியிலிருந்து கணக்குப் பார்த்தால் உங்களுக்கு அதிக நாள் இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரும் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போகும். கூகுள் கணக்குக்கு இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. முதலில் சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் செய்யுங்கள். வாட்ஸ்அப் செயலியை மட்டும் அழித்துவிடாதீர்கள். வாய்ஸ் மெசேஜ், போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரிலும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றுங்கள். அக்கா உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் உங்கள் போனிலேயே இருக்கும், அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தைரியம் வரவில்லை என்றால் நம்பிக்கையான ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். குரலை இன்றைக்கே கேட்க வேண்டும் என்றில்லை, பத்திரமாக இருந்தால் போதும். ஒன்று மட்டும்: அக்கா மற்றவர்களோடு பேசிய சொந்தப் பேச்சுகளைத் தோண்ட வேண்டாம். அவருக்கென்று கொஞ்சம் ரகசியம் இருந்துவிட்டுப் போகட்டும்.

மகளுக்கு வருஷத்தில் ஒரு நாளாவது பெரியம்மா நினைவு சந்தோஷமாக வர வேண்டும். திதியில் அது நடக்காது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும்போது சேலமே திரண்டு நிற்கும். குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில், அலங்கரித்த வண்டிகளில் சாமி வேஷம் போட்டு வருவார்கள். அக்கா உங்களைக் கூட்டிப்போயிருந்தால் அவர் நின்ற இடத்திலேயே மகளோடு நில்லுங்கள். அன்றைக்கு அவர் செய்த ஒரு ஜோடி கொலுசை அவள் காலில் போட்டுவிடுங்கள்.

அண்ணனை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். ஒரே வருஷத்தில் அம்மாவையும் தங்கையையும் பறிகொடுத்தவர் அவர். இரண்டு துக்கத்தையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறாரோ என்னவோ. அந்த நோட்டில் அவர் செலவுக்கு அக்கா ஒதுக்கிய பணமும் எங்காவது இருக்கும். அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுவதற்குள் பேசிவிட வேண்டும், படம் சட்டம் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் மாற்ற யாருக்கும் மனசு வராது.