வாய்ப்புக் கணக்கை நம்பி ஆடுவது பிடிவாதமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: "2018-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் கூடைப்பந்து அணி தொடர்ந்து 27 முறை மூன்று புள்ளி வீச்சில் (தூரத்திலிருந்து எறிவதில்) தவறியும் எறிந்துகொண்டே இருந்தது. பலகை விளையாட்டுக்காரர்களும் தோற்றுக்கொண்டே 'என் கணக்கு சரி' என்கிறார்கள். இது பிடிவாதம் இல்லையா?"

அண்மையில் நண்பர்களிடம் கட்டான் என்ற பகடைப் பலகை விளையாட்டை ஆடித் தோற்றுவிட்டு, அந்தக் கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஹூஸ்டன் ஆடிய அந்த ஆட்டத்துக்காக நானும் என் மச்சானும் இரண்டு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அது அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் மேற்கு மண்டல இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். நமக்கு 2018 மே 29, செவ்வாய்க்கிழமை காலை. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். பாதி ஆட்டத்தில் ஹூஸ்டன் 54–43 என்று முன்னிலை. மூன்றாவது காற்பகுதியில் எதிரணியான கோல்டன் ஸ்டேட் 33 புள்ளிகள் எடுக்க, ஹூஸ்டன் எடுத்தது 15. முடிவில் 101–92 என்று தோல்வி. 44 மூன்று புள்ளி வீச்சுகளில் ஏழுதான் விழுந்தன. ஹூஸ்டனின் டிரெவர் அரிசா எல்லாத் தூரத்திலிருந்தும் சேர்த்து 12 முறை எறிந்தார், ஒன்றுகூட விழவில்லை. மச்சான், "இவர்களுக்கு மூளை இருக்கிறதா? கிட்டே போய்ப் போட வேண்டியதுதானே?" என்று கத்தினார். நான் கணக்குச் சொன்னேன். அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் மூன்று புள்ளி வீச்சில் நூற்றுக்கு 36 போட்டவர்கள். ஒரு வீச்சுக்குச் சராசரி 1.08 புள்ளி. நடுத்தூர வீச்சுக்கு இரண்டு புள்ளிதான்; அங்கிருந்து நூற்றுக்கு 40 போட்டால்கூட 0.8-தான் கிடைக்கும். 65 ஆட்டங்கள் வென்று தந்த முறையை ஒரு மோசமான காலை நேரத்துக்காகத் தூக்கி எறிவதா என்று கேட்டேன். "நீ பகடை உருட்டிக் கெட்டுப்போனவன்" என்றார். அதோடு பேச்சு நின்றது.

அன்று நான் சொன்னதில் பாதிதான் சரி. அது எனக்கு விளங்க ஒரு மழைக்காலமும் ஒரு கேரம் போர்டும் தேவைப்பட்டன.

ராயபுரம் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கேரம் மன்றம் இருக்கிறது. மாலையில் அங்கேதான் இருப்பேன். கடற்காற்று வீசும் இடம். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் போர்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் ஓடாது. போர்டுக்கு நேர் மேலே குண்டு பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டுச் சூடேற்றுவோம். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு மழை நாளில் வட்டாரப் போட்டி நடந்தது. என் ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனது. நான் 21, எதிராளி 20.

கேரம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ரெட் காய்க்கு மூன்று புள்ளி. ரெட்டைப் போட்டதும் உங்கள் காய் ஒன்றை ஃபாலோ போட்டாக வேண்டும். இல்லையென்றால் ரெட் செல்லாது. 25-ல் ஆட்டம் முடியும். ஆனால் 21 வரைதான் ரெட்டுக்கு மதிப்பு. 22-ஐத் தொட்டுவிட்டால் அந்த மூன்று புள்ளி கிடைக்காது. ஆகவே அந்தச் சுற்றை வென்றால் அதற்குப் பிறகு ரெட் எனக்குப் பயன்படாது. என் காய் இரண்டு, அவர் காய் ஐந்து, நடுவே ரெட். இடது மூலைக்கு மெல்லிய கட் அடித்தால் ரெட் விழும். தினமும் பழகிய அடி. பத்துக்கு எட்டு போடுவேன்.

அடித்தேன், விழவில்லை. அவர் ஒரு காயைப் போட்டுவிட்டு விட்டார். மறுபடியும் அதே அடி. பாதி வழியில் ரெட் நின்றது. மூன்றாவது முறை குழியின் வாயில் போய் நின்றது. அவர் ரெட்டைப் போட்டு, ஃபாலோ போட்டு, மீதியையும் துடைத்துவிட்டார். ரெட்டுக்கு மூன்று, மிஞ்சிய என் காய்களுக்கு இரண்டு. 25.

"துரதிர்ஷ்டம்" என்றேன். பின்னி மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் மன்றத்தில் உண்டு. அவர் எழுந்து வந்து, புறங்கையைப் போர்டின் இடது மூலையில் வைத்துப் பார்த்தார். பல்பின் சூடு அந்த மூலைக்கு எட்டவில்லை. "தம்பி, பத்துக்கு எட்டு என்று எந்தப் போர்டைக் கேட்டுச் சொன்னாய்?" என்றார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து ஹூஸ்டன் கணக்கைத் திரும்பப் போட்டேன். நூற்றுக்கு 36 போடும் கை தொடர்ந்து 27 முறை தவறுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 1,70,000-ல் ஒன்று. அவ்வளவு அரியது நடந்தால் அதிர்ஷ்டத்தைத் திட்டுவதற்கு முன்னால் அந்த 36-ஐத்தான் சந்தேகப்பட வேண்டும். அது அக்டோபர் முதல் ஏப்ரல் வரை எடுத்த சராசரி. மே மாதக் கடைசியில், அணியின் முக்கிய ஆட்டக்காரர் கிறிஸ் பால் தொடைத்தசைக் காயத்தால் வெளியே உட்கார்ந்திருக்க, மிச்சம் இருந்த சிலரே ஓடி ஓடிக் களைத்த கால்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? மூன்று புள்ளி வீச்சின் பலம் முழங்காலிலிருந்து வருகிறது. ஈரப் போர்டில் நான் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள் என்பது என் கருத்து. ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் பேசுவது எளிது என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். நான் பயிற்சியாளர் இல்லை, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) கூடைப்பந்து அணியின் ஆட்டங்களை ஓரத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான். மூன்று புள்ளி வீச்சே கூடைப்பந்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் இன்றும் சேரமாட்டேன்.

ஆனால் கட்டான் வேறு. பகடைக்குக் கால் வலிக்காது, ஈரம் ஏறாது. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையாக 6-ம் 8-ம் விழ 36-ல் ஐந்து வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் உண்டு; நேற்று இரவு முழுவதும் விழாவிட்டாலும் இன்று அதே ஐந்துதான். அங்கே உங்கள் நண்பர் "என் கணக்கு சரி" என்றால் அவர் பிடிவாதக்காரர் இல்லை, சரியாகத்தான் சொல்கிறார்.

கட்டான் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பணம் கட்டி வரவழைத்த முதல் பெட்டி என் கைக்கு வரவே இல்லை. கூரியர்காரர் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்க மனமில்லாமல் "வீடு பூட்டியிருக்கிறது" என்று பதிந்து திருப்பி அனுப்பிவிட்டார். நான் அன்று முழுவதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தொலைபேசியில் கேட்டால், "உங்கள் ஏரியா கொஞ்சம் அப்படித்தானே, சார்" என்றார் அலுவலகத்தில் இருந்த பெண். எப்படி? 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். வட சென்னை என்றால் கத்தியும் குத்துச்சண்டையும்தான் என்று நினைப்பவர்கள் ஒரு மாலை எங்கள் மன்றத்துக்கு வந்து பார்க்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் கோணத்தையும் வேகத்தையும் கணக்குப் போடும் அழகைப் பார்க்கட்டும். சரி, விட்டுவிடுகிறேன்.

மச்சானிடம் பிறகு ஒப்புக்கொண்டேன்: "நீங்கள் சொன்ன காரணம் தவறு, ஆனால் ஏதோ மாறிவிட்டது என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, என் கண்ணுக்குத் தெரியவில்லை." அவர் முதல் பாதியைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

போன கார்த்திகையில் மறுபடியும் மழை, மறுபடியும் நான் 21-ல் நின்றேன். ஆடும் முன் நான்கு மூலைகளிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது மூலை சில்லென்று இருந்தது. ரெட்டை அவர் எடுக்க முடியாதபடி சட்டத்தோடு ஒட்டி ஒதுக்கினேன். அதை எடுக்க முயன்றே அவர் தன் வாய்ப்புகளைக் கழித்தார். எடுத்தபோது அவருக்கு மூன்று காய்கள் மிஞ்சியிருந்தன, ஃபாலோ விழவில்லை. ரெட் மீண்டும் நடுவுக்கு வந்தது. அங்கிருந்து வலது மூலைக்கு நேர் வழி இருந்ததால், போட்டு ஃபாலோவும் போட்டேன். பெரியவர் அன்று ஊரில் இல்லை. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய், எந்தக் காய் எங்கே இருந்தது என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினேன்.