அகதியாக வந்த இடத்தில் மனநல உதவி தேடுவது எப்படி?

மொழி தெரியாத நாட்டுக்கு அகதியாக வந்திருக்கிறேன், தூக்கமே இல்லை, மனநல உதவிக்கு யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அகதியாக ஏற்கச் சொல்லிப் போட்ட வழக்கும் இன்னும் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். முதலில் குடும்ப டாக்டரிடமோ, அகதிகளுக்கு உதவும் அமைப்பிடமோ போங்கள். ஆனால் போவதற்கு முன்பே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் எனக்கு ஓயாத தலைவலி, நெஞ்சு இறுக்கம், யாராவது கதவை அடித்துச் சாத்தினால் கை நடுக்கம். டாக்டரிடம் போனால் மொழி தெரிந்தவரைக் கூட்டி வா என்றார்கள். எங்கள் வீட்டில் மொழி தெரிந்தது பள்ளிக்கூடம் போகும் என் மகளுக்கு மட்டும்தான். "ராத்திரியில் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்கிறார்கள் அம்மா" என்றாள். அவளுடைய மாமாவை எப்படிக் கொன்றார்கள் என்பதை அந்தக் குழந்தையின் வாயால் சொல்ல வைப்பேனா? தலைவலி மட்டும்தான் என்று சொல் என்றேன். வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை எங்கள் ஆட்களிலேயே ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். எல்லா வீட்டுக்கும் போய்வருகிறவர். அவர் முன்னால் எனக்கு வாயே வரவில்லை.

கடைசியில் ஒரு நர்ஸ்தான் புரிந்துகொண்டு, வேறு ஊரிலிருந்து போனில் பேசும் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்குத்தான் தம்பியைப் பற்றிப் பேசினேன்.

நம் ஆட்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு வீடு பிடித்துக் கொடுத்ததே அவர்கள்தான். ஆனால் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்ற தொழில் கடமை மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு, தெரிந்தவருக்கு இல்லை. ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்பதையும் நீங்கள் கேட்கலாம்.

மனநல நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' என்ற முறை அங்கே நடக்கிறதா என்று விசாரியுங்கள். மொத்தம் ஐந்து சந்திப்புகள். டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற உதவியாளர்களே நடத்துவார்கள். மூச்சை நிதானப்படுத்துவது, கைவிட்ட வேலைகளை மறுபடி தொடங்குவது மாதிரியான விஷயங்கள்தான். சித்திரவதையை அனுபவித்தவர்களுக்கு இது மட்டும் போதாமல் போகலாம். அவர்களுக்கென்றே தனி மையங்கள் இருக்கின்றன. டொரொன்டோவில் 1977-லும் கோபன்ஹேகனில் 1982-லும் லண்டனில் 1985-லும் தொடங்கியவை இன்றும் நடக்கின்றன.

மனநல டாக்டரிடம் போனால் வழக்கு கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சித்திரவதையை எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லும் ஐ.நா.வின் 'இஸ்தான்புல் புரோட்டோகால்', உடல் காயத்தோடு மனக் காயத்தையும் சான்றாகப் பதியச் சொல்கிறது. அதனால் அவர்கள் பேச்சை விட்டுவிட்டு உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். என்னை வதைத்தது பழைய நினைவு மட்டும் இல்லை. நான் கணக்கு டீச்சர். என் சான்றிதழ் செல்லாது, முதலிலிருந்து படி என்றார்கள். கணக்கு எந்த நாட்டிலும் கணக்குதானே? ஆளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள் என்று சொல்வது எனக்கு இன்னும் ஆறவில்லை. கவுன்சிலிங் தேவையில்லை என்று சொல்லவில்லை, எனக்கு அது உதவியது. ஆனால் வேலையும் சேர்ந்து கிடைத்திருந்தால் சீக்கிரம் எழுந்திருப்பேன்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் நான் மேலே சொன்ன எதற்காகவும் காத்திருக்காதீர்கள். உடனே அவசர எண்ணைக் கூப்பிட்டு, அந்த நாட்டு மொழியில் உங்கள் மொழியின் பெயரைச் சொல்லுங்கள். பல நாடுகளில் மொழிபெயர்ப்பாளரை அதே அழைப்பில் இணைப்பார்கள்.