மேடைக் கேள்வி பதில்: அகழிகளுக்கு நடுவே ஓர் இசை நாடகம்

கேள்வி: முதல் உலகப் போரில், 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் எதிரிப் படையினர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கைகுலுக்கிய சம்பவத்தை ஓப்பராவாக, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகமாக, ஆக்கியிருக்கிறார்களாம். எங்கள் குழு அந்தக் கதையைத் தமிழில் மேடையேற்ற விரும்புகிறது. ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்காட்லாந்துக்காரர் மூவரையும் தமிழ் பேச வைக்கலாமா?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முழுக்க வேண்டாம். நீங்கள் சொல்வது ‘சைலண்ட் நைட்’. இசை கெவின் புட்ஸ், பாடல் வரிகள் மார்க் காம்பெல். 2011 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா ஓப்பரா குழு அரங்கேற்றியது. அடுத்த ஆண்டே இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், லத்தீன் என ஐந்து மொழிகளில் பாடுகிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத நிலையிலும் பாட்டுக்குப் பாட்டு பதில் வருகிறதே, அதுதான் நாடகத்தின் உயிர். எல்லாரும் தமிழ் பேசினால் அது போய்விடும்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். தன் அகழிக்குள் (படையினர் பதுங்கிப் போரிடும் பள்ளம்) தோழனிடம் பேசும்போது யாராக இருந்தாலும் தமிழ். எதிர் அகழியை நோக்கிக் குரல் கொடுக்கும்போது அவரவர் சொந்த மொழி. மலாயை ஒரு படைக்கும் சீனத்தை இன்னொரு படைக்கும் பிரித்துக் கொடுக்கும் யோசனை எழலாம். அதைத் தொடவே தொடாதீர்கள். பார்ப்பவர் மனம் பெல்ஜிய எல்லையை விட்டு நம் ஊர் இனங்களுக்குத் தாவிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கைகுலுக்கும் காட்சியோடு திரையை இறக்கிவிடாதீர்கள். ஓப்பராவில் போர்நிறுத்தம் முதல் அங்கத்திலேயே வந்துவிடுகிறது. மறுநாள் காலை, இறந்த அண்ணனை அடக்கம் செய்ய ஸ்காட்லாந்துச் சிப்பாயான தம்பி ஜோனதன் தவிக்கிறான். மூன்று படை அதிகாரிகளும் கூடிப் பேசிப் போர்நிறுத்தத்தை நீட்டிக்கிறார்கள். பிணங்களைப் புதைக்கத்தான். வரலாற்றிலும் இது நடந்தது. பிரான்சின் ஃப்ளர்பே அருகே இரு தரப்பும் சேர்ந்து நின்று அடக்கம் செய்தபோது பைபிளின் 23ஆம் சங்கீதத்தை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வாசித்தார்கள்.

பிரெஞ்சுப் படையின் போன்ஷெல் பாத்திரத்துக்கு உங்கள் குழுவில் மிகச் சிறந்த நடிகரைக் கொடுங்கள். முடி திருத்துபவர். தினமும் காலை பத்து மணிக்குத் தாயோடு காப்பி குடித்துப் பழகியவர். அந்த நேரத்தை நினைவுபடுத்த ஓர் அலாரக் கடிகாரத்தை எப்போதும் கூடவே வைத்திருக்கிறார். போர்நிறுத்தம் முடிந்த பிறகு அவர் ஒரு ஜெர்மானியச் சிப்பாயின் உதவியோடு தாயைப் பார்த்துக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது, எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். சுடுபவன் அதே ஜோனதன். அண்ணனைப் பறிகொடுத்தவன் கையாலேயே இது நடப்பதுதான் என்னை உலுக்குகிறது. கடிகார மணியை ஒலிப்பதிவில் விடாதீர்கள். உண்மையான கடிகாரம் மேடையில் அடிக்கட்டும்.

ஸ்காட்லாந்துக் குழலான பேக்பைப்புக்கு எங்கும் அலைய வேண்டாம். நம் ஊரிலேயே ஸ்ரீ தஷ்மேஷ் சீக்கியர் பைப் இசைக்குழு இருக்கிறது. அணுகிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: “அது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன?” என்கிறார்கள் எங்கள் பெரியவர்கள். என்ன பதில் சொல்வது?
- அதே வாசகி

பதில்: அந்த அகழிகளில் இந்தியச் சிப்பாய்களும் குளிரில் நின்றார்கள் என்று சொல்லுங்கள். 39ஆம் கார்வால் ரைபிள்ஸ் படையினர் அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் ஜெர்மானியரை நேருக்கு நேர் சந்தித்தவர்கள். உங்கள் மேடையில் ஒரு கார்வாலிச் சிப்பாய் ஒரு நிமிடமாவது நிற்கட்டும்.

பெரியவர்கள் மனத்தில் இருப்பது வேறு போர் என்றும் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 43இல், தோட்டங்களிலிருந்து ஜப்பானியரின் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. என் பாட்டியின் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுவார். அந்தத் துயரத்தை இந்த நாடகத்துக்குள் ஒரு காட்சியாகத் திணிக்காதீர்கள். அது தனி நாடகமாக எழுத வேண்டியது. எழுதினால் எனக்கு அனுப்புங்கள்; வரி வரியாகப் படிப்பேன்.

கேள்வி: அனுமதி, அரங்கம் பற்றி?
- அதே வாசகி

பதில்: ஓப்பராவின் இசையையோ வரிகளையோ பயன்படுத்தினால் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். முழு ஆர்கெஸ்ட்ராவும் பெரிய ஆண்கள் கோரஸும் தேவைப்படும் படைப்பு அது. வரலாற்றுச் சம்பவம் எல்லாருக்கும் பொது. அதிலிருந்து உங்கள் சொந்த இசை நாடகத்தை எழுதுவதே மேல். அப்போது போன்ஷெல்லைக் கடன் வாங்காமல், அவரைப் போல நெஞ்சில் நிற்கும் ஒருவரை நீங்களே படைக்க வேண்டியிருக்கும். செந்தூலிலேயே கேஎல்பேக் என்னும் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் இருக்கிறது. பெரிய அரங்கை விட்டு அதன் சிறிய அரங்கைக் கேளுங்கள். இரு அகழிகளுக்கும் இடையே அதிகத் தூரம் இருக்கக் கூடாது. மாநகர் மன்றத்தின் உரிமத்துக்கு, கதை வசனம் முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.