‘ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்’

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர்கள் எல்லோரும் ‘ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்’ என்கிறார்கள். போன மாதம் 3,000 டி-ஷர்ட் ஆர்டரில் பையர் தரப்பு ஆய்வாளர் 125 பீஸ் எடுத்துப் பார்த்ததில் 11 பீஸில் ஊசி ஓட்டை. ஏழுக்கு மேல் போனால் ஃபெயில். விசாரித்தால், ஊசி சரியில்லை என்று லைனில் பலருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆலோசனைப் பெட்டி வைத்தேன். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு சீட்டு, ஃபேன் ஓடவில்லை என்று. மனம்விட்டுப் பேசும் பயிற்சி நடத்தலாம் என்கிறார் முதலாளி. பலன் இருக்குமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பயிற்சிக்கு ஆகும் பணத்தை இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம். உங்கள் ஆட்களுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேசினால் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஊசி உடைந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். டெய்லர் மெஷினை நிறுத்தி, துணிக்குள் எதுவும் சிக்கிவிடாதபடி உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி. பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கித் தைப்பவருக்கு, அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. பண்டில் தேங்கும். சூப்பர்வைசர் வந்து, ‘உனக்கு மட்டும் எப்படி உடையுது?’ என்பார். இரண்டு தடவை இப்படிப் பட்டவர், அடுத்த முறை முனை மழுங்கியது தெரிந்தாலும் அதே ஊசியில் ஓட்டிவிடுவார். மழுங்கிய முனை பின்னல் கண்ணிக்கு இடையில் நுழையாமல் நூலையே அறுக்கும். ஓட்டை அப்போதே தெரிவதும் இல்லை. துணி இழுபட்ட பிறகு, பல சமயம் அயர்ன் டேபிளில்தான் வாய் பிளக்கும்.

ஆட்களை விட்டுவிட்டு அவர்களைச் சுற்றியுள்ள ஏற்பாட்டைப் பார்க்கும் அமைப்புக் கோட்பாடு (systems theory) பார்க்கச் சொல்வது இதைத்தான். சமூக உளவியலாளர்கள் டேனியல் காட்ஸும் ராபர்ட் கானும் 1966-ல் எழுதிய நூலில் நிறுவனத்தை ஒரு திறந்த அமைப்பாகப் பார்த்தார்கள்: வெளியிலிருந்து பொருளும் தகவலும் வாங்குகிறது, மாற்றி வெளியே அனுப்புகிறது, பின்னூட்டம் வந்தால் தன்னைத் திருத்திக்கொள்கிறது. உங்களிடம் பின்னூட்டம் வரும் வழியை யாரும் வேண்டுமென்று அடைக்கவில்லை. பீஸ் ரேட், சூப்பர்வைசரின் டார்கெட், பதிவேட்டு நடைமுறை மூன்றும் சேர்ந்து அடைத்துவிட்டன. ஒருவரை வேலையைவிட்டு அனுப்பினாலும் அடுத்து வருபவர் அதையேதான் செய்வார்.

நிறுவனப் பண்பாடு பற்றி நிறுவன உளவியலாளர் எட்கர் ஷைன் சொன்ன மூன்று அடுக்கு இங்கே அப்படியே பொருந்தும். கண்ணுக்குத் தெரிவது பதிவேடு. வாயால் சொல்வது சுவரில் இருக்கும் ‘தரமே முதல்’. யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்புவது, ‘மெஷினை நிறுத்துகிறவன்தான் குற்றவாளி’. பயிற்சி இரண்டாவது அடுக்கோடு நின்றுவிடும்.

படித்தவர்கள் இருக்கும் இடத்திலும் இதே கதைதான். 2003-ல் கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ஏவியபோது கழன்ற நுரைத் துண்டு இறக்கையில் மோதியது. சேதத்தைப் படம்பிடித்துப் பார்க்கச் சொல்லிப் பொறியாளர்கள் கேட்டும் நிர்வாகம் படம் எடுக்கவில்லை. அந்த நுரைக்கு எவ்வளவு பங்கோ, நாசாவின் நிறுவனப் பண்பாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றது விசாரணை அறிக்கை.

முதலில் ஸ்டோரில் இருந்து போன ஊசிக் கணக்கையும் உடைந்த ஊசிப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60 மெஷினில் மாதத்துக்கு இரண்டே ஊசி உடைந்ததாக இருந்தால், அதைச் சுத்தமான பதிவேடு என்று நினைத்துவிடாதீர்கள். டெய்லர் சொந்தக் காசில் ஊசி வாங்கி வைத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். வைத்திருந்தால் உடைந்த துண்டு எங்கே போனது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல பேக்கிங்கில் இருக்கும் மெட்டல் டிடெக்டரை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அடுத்தது காசு. ஊசிக்காக நின்ற நேரத்துக்கு அவருடைய சராசரி மணிக் கூலியில் பணம் கொடுங்கள். இது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். ஷிஃப்ட் தொடக்கத்தில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் புதிது கொடுத்துவிட்டால், ‘மழுங்கிவிட்டது’ என்று யாரும் வாய் திறக்க வேண்டிய தேவையே பாதி குறையும். லைன் செக்கிங் ஆள் ஒவ்வொரு மெஷினிலும் மணிக்கு ஒருமுறை ஏழு பீஸ் எடுத்து, இழுத்துப் பார்க்கட்டும். பழுது இல்லையென்றால் பச்சை அட்டை, ஒன்று என்றால் மஞ்சள், இரண்டு என்றால் சிவப்பு, மெஷின் நிற்கும். எட்டு மணி நேரத்தில் 600 பீஸ் தரும் லைனில் மணிக்கு 75 பீஸ்தான். பழுதைத் தேடிப் பிரிக்க வேண்டியது அவ்வளவே, 3,000 அல்ல. ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் பழுதான பீஸையே சிவப்பு டேப் ஒட்டித் தொங்கவிடுங்கள். தமிழில் எழுதின போர்டு அவர்களுக்கு எதையும் சொல்லாது.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் மூன்று நான்கு வாரம் சிவப்பு அட்டை ஏறும். முதலாளி அதைப் பார்த்துச் சத்தம் போட்டால் மறுநாளே எல்லா மெஷினிலும் பச்சை தொங்கும்; எல்லாம் பொய்ப் பச்சை. எண்ணிக்கை கூடத்தான் செய்யும் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சூப்பர்வைசரிடம் சிவப்பு எத்தனை என்று கேட்காமல், சிவப்பு விழுந்து எத்தனை நிமிடத்தில் சரிசெய்தார் என்று கேளுங்கள். காலைக் கூட்டத்திலும் ‘பிரச்சினை இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘நேற்று எந்த மெஷின் நின்றது, ஏன்?’ என்றால் ‘இல்ல சார்’ என்று தப்பிக்க முடியாது.

இன்னொன்று. பெட்டியில் விழுந்த அந்த ஒரு சீட்டு. ஃபேன் இப்போது ஓடுகிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஓடவில்லையென்றால் நாளைக் காலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, லைனில் எல்லோரும் இருக்கும்போது மாட்டச் சொல்லுங்கள். அட்டை அச்சடிக்கக் கொடுப்பது அதற்குப் பிறகு.