சுருதி அசையாத ஆட்டப் பாட்டு

‘கேன்டு ஹீட்’ என்ற அமெரிக்க ப்ளூஸ்-ராக் குழுவின் ‘ஆன் தி ரோட் அகெய்ன்’ பாட்டின் அடியில் இரைந்துகொண்டே இருப்பது தம்பூராவா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்குள் அது எப்படி வந்தது?
– வாசகர், மயிலாடுதுறை

தம்பூராவேதான். அதை மீட்டியவர் ஆலன் வில்சன். உச்சக் குரலில் பாடுவதும் ஹார்மோனிகா வாசிப்பதும் அவரே. 1967-ல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவாகி, 1968-ல் ‘பூகி வித் கேன்டு ஹீட்’ ஆல்பத்தில் வெளியான பாட்டு இது. அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 16-ஆம் இடமும் பிரிட்டனில் 8-ஆம் இடமும் பிடித்தது.

அந்த ஆண்டுகளில் ராக் குழுக்கள் இந்திய வாத்தியங்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தன. பல பாட்டுகளில் அது ஒட்டவைத்த ஜரிகைதான். இங்கே தம்பூராவுக்கு உண்மையான வேலை இருக்கிறது. வழக்கமான பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) ப்ளூஸில் மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) மாறி மாறி வரும். ‘ஈ’ சுருதியில் வாசிக்கும்போது ‘பி’ கார்டு வந்ததும் அதிலுள்ள காகலி நிஷாதம் தம்பூராவின் ஷட்ஜத்தோடு உரசும். இந்தப் பாட்டோ ‘ஈ’ என்ற ஒற்றைக் கார்டிலேயே நிற்கிறது. நம் கணக்கில் மூன்று கட்டை. உரச எதுவுமில்லை.

எங்கள் கல்லூரிக் குழு இதை வாசிக்கிறது. சுருதி, தாளம் எல்லாம் சரியாக இருந்தும் கூட்டம் ஆடாமல் உட்கார்ந்தே கேட்கிறது. எங்கே தவறு?
– வாசகி, கோவை

பெரும்பாலும் நடையில்தான். ஒவ்வொரு அடியையும் இரண்டாகச் சமமாய் வெட்டினால் பூகி என்ற இந்த ஆட்ட நடை செத்துவிடும். அடியைத் ‘தகிட’ என்று திஸ்ரமாகப் பிரித்து, நடுவிலுள்ள ‘கி’யை ஒலிக்காமல் விடுங்கள்: த–ட, த–ட. ஷஃபிள் என்பது இவ்வளவுதான். முதலில் வாத்தியம் தொடாமல் வாயால் சொல்லிப் பழகுங்கள். டிரம்ஸ்காரர் திஸ்ரத்திலும் கிதார்காரர் சதுஸ்ரத்திலும் போனால் ஆட எழுந்தவர் கால் தடுமாறி உட்கார்ந்துவிடுவார்.

அடுத்தது அழுத்தம். ஸ்நேர் டிரம் 2-ஆம், 4-ஆம் அடிகளில் விழ வேண்டும், கைதட்டலும் அங்கேதான். நமக்குச் சமத்தில் தட்டியே பழக்கம். இந்தப் பாட்டுக்கு 1, 3-ல் தட்டினால் போலீஸ் அணிவகுப்பு போலாகிவிடும்.

கிதாருக்கு ஆறாம் கம்பி போதும்: திறந்த கம்பி, மூன்றாம் கட்டம், ஐந்தாம் கட்டம். மூன்றாம் கட்டத்து ஸ்வரத்தைக் கொஞ்சம் இழுத்து, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே தொங்கவிடுங்கள். அந்த இழுப்பு இல்லையென்றால் வெறும் விரல் பயிற்சிதான். கார்டு மாறவில்லையே, சலிக்குமே என்று பயந்து வேகத்தைக் கூட்டாதீர்கள். ஏற்ற இறக்கத்தை ஒலி அளவில் காட்டுங்கள்.

எலக்ட்ரானிக் தம்பூரா வைத்திருந்தால் மூன்று கட்டை என்ற குறியை மட்டும் நம்ப வேண்டாம். டியூனரில் சரிபார்த்த கிதாரின் ‘ஈ’ கம்பியோடு நுண்சுருதித் திருகைச் சேருங்கள்.

‘ஏ’ ஹார்மோனிகாவில் இந்த ஸோலோவின் மேல் ஸ்தாயி ஸ்வரம் ஒன்று சிக்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

சிக்காது. உங்கள் கருவியில் அது இல்லை. ‘ஏ’ ஹார்மோனிகாவை ‘ஈ’ சுருதிக்கு வாசிக்கும்போது கிடைப்பது ஹரிகாம்போதி. கீழே மூன்றாம் துளையில் உறிஞ்சி வளைத்துச் சாதாரண காந்தாரத்தை வாங்கிவிடலாம். மேலே 7-ஆம் துளை அப்படி வளையாது. வில்சன் 6-ஆம் துளையில் உறிஞ்சும்போது அதிரும் உலோக நாக்கான ரீடையே அரை ஸ்வரம் ஏற்றிவைத்துக்கொண்டார்: ரிஷபம் இருந்த இடத்தில் காந்தாரம்.

நீங்களும் செய்யலாம். பழைய கருவியில் தொடங்குங்கள். கீழ் மூடியைக் கழற்றினால் உறிஞ்சு ரீடுகள் வெளியே தெரியும். ஆறாவதன் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகித் தாங்கிக்கொண்டு, ஆடும் நுனிப் பக்கத்தில் நீளவாக்கில் சுரண்டுங்கள். குறுக்கே கீறினால் அந்தக் கீறலிலேயே பின்னால் ரீடு முறியும். ஆணிப் பக்கம் சுரண்டினால் சுருதி ஏறாமல் இறங்கும். அரை ஸ்வரம் என்பது ரீடுக்குப் பெரிய தூரம். நாலைந்து கீறலுக்கு ஒருமுறை நிறுத்தி டியூனரில் பாருங்கள். ஒரே மூச்சில் ஏற்றப் பார்த்தால் தாண்டிப்போகும், அல்லது ரீடு மெலிந்துவிடும். முடிந்ததும் ரீடு துளைக்கு நேர்நடுவே ஆடுகிறதா, பக்கத்தில் இடிக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போன ரிஷபத்தை அதே துளையில் வளைத்து எடுக்கலாம். 4, 5, 6 சேர்த்து உறிஞ்சும் பழைய மைனர் கார்டு மட்டும் போனதுதான்.

இக்குழுவின் வேர் எது?
– வாசகர், பாளையங்கோட்டை

பழைய இசைத்தட்டுகள். 1965-ல் லாஸ் ஏஞ்சலஸில் குழுவைத் தொடங்கிய வில்சனும் பாப் ஹைட்டும் ப்ளூஸ் தட்டுப் பித்தர்கள். குழுவின் பெயரே ப்ளூஸ் பாடகர் டாமி ஜான்சன் 1928-ல் பாடிய ‘கேன்டு ஹீட் ப்ளூஸ்’ தந்தது. மதுவிலக்குக் காலத்தில் ஏழைகள் போதைக்காகக் குடித்த, டப்பாவில் விற்ற அடுப்பு எரிபொருளைப் பற்றிய பாட்டு அது. நாம் பேசும் பாட்டும் புதிதல்ல. ப்ளூஸ் பாடகர் ஃப்ளாய்ட் ஜோன்ஸ் 1950-களில் பாடியது, அதற்கும் பின்னால் டாமி ஜான்சனே நிற்கிறார். அசையாத கார்டில் காலால் தட்டிக்கொண்டு ஓட்டும் முறையோ ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் வழி வந்தது. அவரோடு சேர்ந்து 1970-ல் ‘ஹூக்கர் ’ன் ஹீட்’ பதிவு செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வில்சன் 27 வயதில் இறந்துபோனார்.