கால்சியம் மாத்திரை இருக்கட்டும், பொண்ணு வயிறாரச் சாப்பிடுகிறாளா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 1500, 3000 மீட்டர் ஓடுவாள், போன வருடம் மாவட்டத்தில் முதலிடம். ஆறு வாரமாக வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. வலி ஆரம்பித்த வாரமே எக்ஸ்ரே எடுத்தோம், நார்மல் என்றார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறாள். உயரம் 158 செ.மீ., எடை 43 கிலோ, போன வருடம் 49 இருந்தாள். எடை குறைந்தால் டைமிங் குறையும் என்று கோச் சொன்னதிலிருந்து சோற்றை விட்டுவிட்டாள். விடியற்காலை வரக்காப்பி, கிரவுண்டிலிருந்து வந்து மூன்று இட்லி, மதியம் இரண்டு சப்பாத்தி, சாயந்திரம் டீ பிஸ்கட், ராத்திரி இரண்டு தோசை, ஒரு டம்ளர் பால். ஐந்து மாதமாகப் பீரியட்ஸ் இல்லை, ஓடுகிற பிள்ளைகளுக்கு இது சகஜம் என்கிறார்கள். என்ன கால்சியம், வைட்டமின் டி மாத்திரை கொடுக்கலாம்? அடுத்த மாதம் மீட் இருக்கிறது, ஓடலாமா? கபடி ஆடும் 13 வயதுத் தம்பிக்கும் அதே மாத்திரையைக் கொடுக்கலாமா?
— ஒரு அம்மா, திண்டுக்கல் பக்கம்

பதில்: அம்மா, மீட் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பாதியில் விட்டாலும் இது உங்களுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். ஓடக்கூடாது. அடுத்த மாத மீட்டும் கிடையாது, நாளைக் காலைப் பயிற்சியும் கிடையாது. வலி மாத்திரையையும் இன்றோடு நிறுத்துங்கள், வலிதான் இப்போது அவளுக்கு இருக்கிற ஒரே பிரேக், அதையும் கழற்றிவிட்டு ஓடவிட்டால் கால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே நார்மல் என்றதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் திரும்பத் திரும்ப அடிபட்டு எலும்பில் விழுகிற மெல்லிய விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், முதல் இரண்டு மூன்று வாரத்து எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே ஆறிவிடுவதும் உண்டு. நீங்கள் எடுத்ததோ முதல் வாரத்தில். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவளைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லி, முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை அந்த எலும்பின் உள்பக்க விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். கையகல நீளத்துக்குப் பரவலாக வலிக்கிறது என்றால் அது எலும்பைச் சுற்றியுள்ள சதை, சவ்வின் அழற்சியாக இருக்கலாம். ஒரே இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள் என்றால் எனக்கு விரிசல் சந்தேகம்தான் முதலில் வரும். நொண்டி அடிக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டாம், சிலர் அப்படிச் செய்து இருக்கிற விரிசலை முழுசாகவே உடைத்துக்கொண்டு வருகிறார்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டி எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள், அதில்தான் விரிசல் எங்கே, எவ்வளவு ஆழம் என்று தெரியும். உள்பக்கத்து விரிசல் ஆறிவிடும், முன்பக்க நடு எலும்பில் விழுவது பிடிவாதக்காரன், அதற்கு வைத்தியமே வேறு. அதுவரை எண்ணெய் போட்டு நீவுவது, மாவுக்கட்டு எதுவும் வேண்டாம். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், வீக்கம் இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எம்ஆர்ஐ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள், இந்த வயதில் எலும்பில் வேறு சில நோய்களும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

சரி, இப்போது மாத்திரைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் கால்சியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது ஐந்து மாதம் என்கிற வார்த்தை. அதைச் சகஜம் என்று சொன்னது யாராக இருந்தாலும், தப்பு. சகஜமாக நடக்கிறது என்பது வேறு, நடந்தால் பரவாயில்லை என்பது வேறு. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலே காரணம் தேட வேண்டும், 15 வயதாகியும் பெண் பெரியவளாகாமல் இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் எழுதிய சாப்பாட்டைச் சட்னி, சாம்பாரோடு சேர்த்துத் தாராளமாகக் கூட்டினாலும் 1,300 கலோரியைத் தாண்டவில்லை. இரண்டு வேளைப் பயிற்சியில் சுமார் 500 செலவாகிறது என்று வையுங்கள். மீதி 800. அவள் எடையில் கொழுப்பை நீக்கினால் சுமார் 36 கிலோ உடம்பு, ஆக கிலோவுக்கு 22 கலோரிதான் மிச்சம். இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய, வளர, காயம் ஆற, மாதவிடாய் வர, எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான். இது 45-ஐ ஒட்டி இருந்தால் உடம்பு நிம்மதியாக இருக்கும், 30-க்குக் கீழே போனால் மாதவிடாயை நடத்துகிற ஹார்மோன் துடிப்பு தடுமாற ஆரம்பித்துவிடும், அதற்கு ஐந்து நாள் அரைகுறைச் சாப்பாடே போதும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் பொண்ணு ஐந்து நாள் அல்ல, பல மாதமாக இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

வருமானம் குறைந்த வீட்டில் என்ன செய்வோம்? அடுப்பை நிறுத்த மாட்டோம், ஓடு மாற்றுவதையும் சுவர் பூசுவதையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுவோம். உடம்பும் அதைத்தான் செய்கிறது. பிள்ளை பெறுகிற ஏற்பாடு இப்போது அவசரமில்லை என்று மூளை முடிவு செய்து ஈஸ்ட்ரோஜனைக் குறைத்துவிடும். எலும்பு தினமும் கொஞ்சம் சுரண்டப்பட்டு, சுரண்டிய இடம் மறுபடி நிரப்பப்படும். சுரண்டுவது அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது ஈஸ்ட்ரோஜன், அது குறைந்ததும் சுரண்டல் கூடிவிடும். சாப்பாடு குறைந்ததால் நிரப்புவதற்கான ஹார்மோன்களும் குறையும். அதற்கு மேல் தினமும் ஆயிரக்கணக்கான தடவை கால் தரையில் அடிக்கிறது. விரிசல் விழாமல் என்ன செய்யும்? இந்த நிலையில் கால்சியம் மாத்திரை மட்டும் கொடுப்பது, கொத்தனாருக்குக் கூலி தராமல் செங்கல் மட்டும் கொண்டுபோய் இறக்குகிற கதை.

1984-லேயே அமெரிக்காவில் பார்பரா டிரிங்க்வாட்டர் என்ற ஆய்வாளர் மாதவிடாய் நின்றுபோன விளையாட்டு வீராங்கனைகளின் முதுகெலும்பை அளந்தார். அவர்களுக்குச் சராசரி வயது 25, எலும்பின் அடர்த்தியோ 51 வயதுப் பெண்ணுக்கு இருக்கவேண்டிய அளவு. செலவுக்கேற்ற சாப்பாடு இல்லாமல் விளையாடுகிறவர்களின் உடம்பு இப்படித் தடுமாறுவதற்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் ரெட்-எஸ் என்று பெயர் வைத்து, பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் வரும் என்றது. உங்கள் மகள் ஓடுகிற அதே 1500 மீட்டரில் மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண் 2013 மாஸ்கோ உலகப் போட்டியின் ஃபைனலில் ஓடினார், அப்போது வயது 17. எடையைக் குறை, இன்னும் குறை என்ற அழுத்தத்தில் மூன்று வருடம் மாதவிடாய் இல்லாமல், ஐந்து எலும்பு முறிந்ததாக 2019-ல் அவரே சொன்னார். எடை குறைந்தால் டைமிங் குறையும் என்பது முதல் சில மாதத்துக்கு உண்மை போலத்தான் தெரியும், அதனால்தான் கோச்சும் நம்புகிறார், பிள்ளையும் நம்புகிறது.

இந்த வயது ஏன் முக்கியம் என்றால், ஒரு பெண் வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகிற எலும்பில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. சேர்க்கவேண்டிய காலத்தில் எடுத்துச் செலவழித்தால், முப்பதில் பால் குடித்து அதை ஈடுகட்ட முடியாது.

ஆகவே மருந்துச்சீட்டில் முதல் வரி சோறு. சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படி எழுதித்தான் கொடுப்பேன். வெறும் வயிற்றில் வரக்காப்பியோடு அவள் இனி ஓடப்போவதே இல்லை. திரும்ப ஓட ஆரம்பித்த பிறகு கிளம்பும்முன் ஒரு வாழைப்பழமோ, நாலு பேரீச்சையோ, அரை டம்ளர் கேப்பைக் கஞ்சியோ உள்ளே போயிருக்க வேண்டும். பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும்வரை காத்திராமல் கிரவுண்டிலேயே அரைமணி நேரத்துக்குள் இரண்டு முட்டை, கடலை மிட்டாய், ஒரு டம்ளர் பால் மாதிரி ஏதாவது. மதியச் சாப்பாட்டு டப்பாவை மாலை வாங்கித் திறந்து பாருங்கள், என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் டப்பாவில் ஓரத்தில் ஒதுக்கிய சாதம் அப்படியே காய்ந்து கிடக்கும், அம்மாக்கள் ‘நல்லாத்தான் சாப்பிடுது டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். மதியமும் ராத்திரியும் சோறு, கூடவே பருப்போ மீனோ முட்டையோ, நாலரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். நாளொன்றுக்குக் குறைந்தது 2,100 கலோரி, அதற்கு மேல் போனாலும் நல்லதுதான். புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அந்தக் காசுக்கு மாதம் முழுக்க முட்டை வாங்கலாம்.

கால்சியம் நம்ம சமையலறையிலேயே கிடைக்கும். நம் நாட்டுக் கணக்குப்படி இந்த வயதுக்கு நாளைக்கு ஆயிரம் மில்லிகிராமுக்குச் சற்று மேல். இரண்டு டம்ளர் பாலில் 450 முதல் 500 வந்துவிடும், ஒரு கிண்ணம் தயிர் 150, மூன்று நாலு கரண்டிக் கேப்பை மாவில் 200 பக்கம், ஒரு எள்ளுருண்டையோ, கொஞ்சம் முருங்கைக்கீரைப் பொரியலோ, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியோ மீதியை நிரப்பும். கேப்பையை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அதிலுள்ள சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். பாலக்கீரையில் கால்சியம் இருப்பதாகப் போட்டிருப்பார்கள், ஆனால் அது கீரையிலேயே கட்டுண்டு கிடக்கும், அதை நம்ப வேண்டாம். பால் பிடிக்காத பிள்ளையாக இருந்தால் அப்போது மாத்திரை சேர்க்கலாம், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், சாப்பாட்டோடு, இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காமல்.

வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் உங்கள் சந்தேகம் சரி. இந்த வெயிலில் பற்றாக்குறையா என்று கேட்பார்கள். அவள் இருட்டில் கிரவுண்டுக்குப் போகிறாள், பகல் முழுக்க வகுப்பறை, மாலையும் பொழுது சாயும் நேரத்தில்தான் பயிற்சி, வெயில் எங்கே படுகிறது? ரத்தத்தில் ஒருமுறை அளவு பார்த்துவிடுங்கள், 20-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் வாரம் ஒரு 60,000 யூனிட் என்று சில வாரம் எழுதித் தருவார். அந்தச் சாஷேயை மெடிக்கலில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் கொடுத்து, கால்சியம் ஏறி வாந்தியோடு வந்து படுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபினையும், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள்.

மாதவிடாய்க்கு மகப்பேறு மருத்துவரிடம் போனால் தைராய்டு, புரோலாக்டின் பார்ப்பார்கள், சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். அதற்காகக் கோபப்படாதீர்கள், மாதவிடாய் நின்ற எல்லோருக்கும் செய்கிற வழக்கம்தான் அது, பொண்ணின் மேல் சந்தேகப்பட்டு அல்ல. ‘மாத்திரை போட்டு வரவழைத்துவிடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். மாத்திரையால் ரத்தம் வரும், ஆனால் எலும்புக்கு அதனால் லாபமில்லை, தானாக வருகிறதா என்கிற அடையாளமும் மறைந்துபோகும். சாப்பாடு கூடினாலும் உடனே வந்துவிடாது, சில மாதம் பிடிக்கும், அதற்குள் பதறி மறுபடி மாத்திரைக்குப் போகாதீர்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவைப்பட்டால், அவள் வயதுப் பெண்களோடு ஒப்பிடுகிற இஸட் ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும், வயதானவர்களுக்குப் பார்க்கிற டி ஸ்கோரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

விரிசல்தான் என்று உறுதியானால், உள்பக்கத்து விரிசலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. அந்த நாட்களில் வலியில்லாமல் முடிகிறதென்றால் நீச்சல், சைக்கிள் என்று மூச்சைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஓய்வுதானே, சாப்பாட்டைக் குறைப்போம் என்று அவள் நினைப்பாள், அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள், எலும்பு ஆறுவதற்கும் சாப்பாடு வேண்டும். பிறகு ஒரு வாரம் வலியில்லாத நடை, அதன்பின் நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி, எடுத்தவுடன் பழைய தூரத்துக்குப் போகாமல். கோச்சிடம் நீங்கள் சண்டைக்குப் போகவேண்டியதில்லை, மருத்துவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் எடை பார்த்துச் சத்தமாகச் சொல்வதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் தனியாகக் கவனியுங்கள். கொஞ்சம் அதிகம் சாப்பிட்ட அன்று அழுகிறாளா, தட்டில் கலோரி எண்ணுகிறாளா, ஃப்ரெண்ட் வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்று அடிக்கடி சொல்கிறாளா, சாப்பிட்டதும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறாளா? அப்படியென்றால் இது திட்டிச் சரிசெய்கிற விஷயமில்லை, மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ‘சாப்பிடு சாப்பிடு’ என்று துரத்துவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.

தம்பிக்கு மாத்திரை வேண்டாம். 13, 14 வயதில் பையன்கள் ஒரே வருடத்தில் மூங்கில் மாதிரி உயர்வார்கள், அப்போது அவன் கேட்கிற அளவுக்குப் போட்டுக்கொண்டே இருங்கள், இரண்டாம் முறை சோறு கேட்டால் அதிசயமாகப் பார்க்காதீர்கள். கபடி என்றதால் ஒன்று கேட்கிறேன், எடைப்பிரிவுக்குள் நிற்பதற்காகப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பிலிருந்து தண்ணீர் குடிக்காமல், ராச்சோறு தின்னாமல், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறானா? அவனிடம் கேட்டால் இல்லை என்பான். கூட ஆடுகிற பையன் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.