பால், வெண்ணெய், சீஸ் இல்லாமல் காய்கறி கிராட்டின் செய்ய முடியுமா?

முடியும். மெல்லிதாக நறுக்கிய காயைக் குழைவான சாற்றில் வேகவைத்து, மேலே மொறுமொறுப்பாகச் சிவக்க விடும் பிரெஞ்சுப் பக்க உணவுதான் கிராட்டின். பெயர் சீஸைக் குறிப்பதல்ல. 'சுரண்டு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தட்டில் ஒட்டிய பொருக்கைச் சுரண்டித் தின்பதில்தான் ருசியே!

பாலுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால். அதைத் தனியாகக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து அதைப் பிடித்து நிறுத்தும், வடித்த கஞ்சி ஆறினால் கெட்டிப்படுமே, அந்த மாதிரி. அதனால் நறுக்கிய கிழங்கைக் கழுவாதீர்கள். மாவு தண்ணீரோடு போய்விடும். அரை கிலோ கிழங்குக்கு ஒன்றரை கப் தேங்காய்ப்பால், பூண்டு, மிளகு, உப்பு. ஓவனில் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கினால் வெந்துவிட்டது.

மேல் பொருக்குக்கு, புதுச்சேரி பேக்கரிகளில் கிடைக்கும் நீளமான பிரெஞ்சு ரொட்டி. முந்தின நாள் மிச்சமே நல்லது. உதிர்த்து, எண்ணெயில் பிசறி, கடைசிக் கால் மணி நேரத்துக்கு முன் தூவுங்கள். ரொட்டியில் பால் பவுடர் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

பலர் வெண்ணெயை விலக்கிவிட்டு நெய் தடவுகிறார்கள். நெய்யும் பாலிலிருந்து வருவதுதான், பால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது.